பொட்டு வைத்த ஸ்பேனர்

பேரளி தாண்டி ஒரு வளைவு திரும்பறப்ப, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி அந்த சிவப்பு லைட்டு ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுச்சு.

அப்பத்தான் வெளிச்சம் வர ஆரம்பிச்ச நேரம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்னுச்சு. ராத்திரி தூறின தூறல்ல கரிசல் மண்ணு வாசம் ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. எனக்கு முன்னாடி ஒரு சிமென்ட் லாரி, பின்னாடி ஒரு சிமென்ட் லாரி. நடுவுல என் வெள்ளைக் கார், சாமந்தி மாலையும் வாழைக்கன்னுமா போயிக்கிட்டு இருக்கு.

முதல் நாள்தான் ஆயுத பூஜை. மாலையை பானெட்டுக்குக் குறுக்க இழுத்து, ரெண்டு ஓரத்துலயும் வாழைக்கன்னை வச்சு சணல் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தேன். கட்டினது நான்தான். இந்த மாலையும் கயிறும் பின்னாடி கதைக்கு வேணும், ஞாபகம் வச்சுக்குங்க.

பின் சீட்டுல வசந்தா டீச்சரும் அவங்க பொண்ணும். பொண்ணுக்கு சென்னையில வேலைக்கு இன்டர்வியூ. எங்க பெரம்பலூர்ல எல்லாம் இருக்கு, ரயில் மட்டும் கிடையாது. ரயிலைக் கண்ணால பாக்கணும்னாலும் அரியலூர்தான் போகணும். அந்த ரயிலைப் பிடிக்கத்தான் போயிக்கிட்டு இருந்தோம்.

லைட்டு மறுபடி எரிஞ்சுச்சு. எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டிருக்குமே, அந்த லைட்டு. இந்தத் தடவை அணையல.

ஓரங்கட்டி நிறுத்திட்டு, பாலு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"நீ நிக்காத, போ"

பாலு அண்ணன் யாருன்னு சொல்லிடறேன். பெரம்பலூர்ல கார் மெக்கானிக். என் வீட்டுக்காரரோட ஒண்ணாப் படிச்சவர். எங்க கார் வந்த நாள்லேருந்து அவரைத் தவிர வேற யாரும் அதுல கை வச்சதில்ல. ஆயில் மாத்தச் சொல்லி, பூஜை அன்னைக்குக் காலையிலதான் அவர்கிட்ட விட்டிருந்தேன். சாயங்காலம் எடுத்துட்டு வந்து, வீட்டுல மாலையைப் போட்டு நிறுத்தினது.

போனை ஸ்பீக்கர்ல போட்டேன். "அண்ணே, ஆயில் லைட்டு எரியுதுண்ணே."

"அட, நேத்துதானே தங்கச்சி புது ஆயில் ஊத்துனேன்! என் கையால ஊத்துனேன். ஒயரு லூசா இருக்கும், இல்ல வண்டியக் கழுவறப்ப தண்ணி பட்டிருக்கும். நீ நிக்காத, போயிக்கிட்டே இரு. ரயிலை விட்டுறாத."

இப்ப நான் என் பங்கைச் சொல்லணும். ஆயில் இருக்கா இல்லையான்னு பாக்க பெரிய படிப்பு ஒண்ணும் வேணாம். பானெட்டைத் தூக்கி, அளவுக் குச்சியை உருவி, துடைச்சு, மறுபடி விட்டு எடுத்தாத் தெரிஞ்சுரும். எனக்கு அது நல்லாவே தெரியும். தினம் காலையில பாக்கற வேலைதான்.

ஆனா பானெட்டைத் தூக்கணும்னா மாலையை அறுக்கணும். வாழைக்கன்னை அவுக்கணும். விஜயதசமியும் அதுவுமா, மறுபூஜைகூட இன்னும் போடல. ஒரு பொண்ணு முதல் வேலைக்குப் போற நேரத்துல நட்ட நடு ரோட்டுல நின்னு மாலையை அறுக்கறதான்னு மனசு ஒரு நிமிஷம் தடுமாறுச்சு. அண்ணன் வேற சொல்லிட்டாரு. டீச்சர் வேற வாட்சைப் பாத்துக்கிட்டே இருக்காங்க.

நான் அறுக்கல. வண்டியை எடுத்துட்டேன்.

நாலு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். முதல்ல உரல்ல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கடகடகடன்னு அடிச்சுது. காலுக்கு அடியில யாரோ சுத்தியலால குத்தற மாதிரி இருந்துச்சு. நான் ஓரத்துக்கு ஒடிக்கறதுக்குள்ள கார் ஒரு உதறு உதறிட்டு நின்னு போச்சு. சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்ல. கருகின வாசம் மட்டும் வந்துச்சு.

"மலரு, என்னாச்சு?"ன்னாங்க டீச்சர்.

"எஞ்சின் போச்சு டீச்சர்."

எனக்கு அழுகை வரல. நடு ரோட்டுக்குப் போய் ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். பின்னாடி வந்த சிமென்ட் லாரி என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னாடி வந்து நின்னுச்சு. டிரைவர் எட்டிப் பாத்து வாயைத் திறக்கறதுக்குள்ள, "ரயில் பிடிக்கணும்ண்ணே, இவங்களை ஏத்திக்குங்க"ன்னேன். வசந்தா டீச்சர் ஊதாக் கரைப் பட்டுப் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கிட்டு அந்த லாரியில ஏறினாங்க பாருங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். பொண்ணு பெட்டியை நான் தூக்கிக் குடுத்தேன். ரயிலைப் பிடிச்சுட்டாங்கன்னு பின்னாடி போன் வந்துச்சு. அந்தப் பொண்ணு இன்னைக்கு நல்ல வேலையில இருக்கு, அது வேற விஷயம்.

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வரேன்

நான் ஏன் டிரைவர் ஆனேன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. காரை வாங்கினது என் வீட்டுக்காரர். பெரம்பலூர் டாக்சி ஸ்டாண்டுல போட்டு வாடகைக்கு ஓட்டிக்கிட்டு இருந்தவர். வருஷக்கணக்கா உக்காந்து உக்காந்து முதுகுத்தண்டு தேஞ்சு, ஒருநாள் காரை விட்டு இறங்க முடியாம அப்படியே உக்காந்துட்டாரு. இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். கார் வாசல்ல ஒரு மாசம் தூசி அடைஞ்சு நின்னுச்சு. விக்கலாம்னாரு. நான் ஓட்டறேன்னேன்.

சிரிச்சாரு. கோவிச்சுக்கிட்டாரு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சாவியை எடுத்து மேசை மேல வச்சாரு.

லைசென்ஸ் வாங்கினதைப் போன வாரம் இதே பக்கத்துல எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு உடையார்பாளையத்துலேருந்து ஒரு பெரியவர் எனக்கு கடுதாசி எழுதியிருக்காரு. "பெண்கள் கார் ஓட்டுவது சரி, வாடகைக்கு ஓட்டுவது எதற்கு?"ன்னு கேட்டிருக்காரு. அய்யா, வாடகைக்கு ஓட்டாம, சும்மா ஓட்டறதுக்கு எங்க வூட்டுல உங்க ஊர்ப் பக்கம் மாதிரி வருமானம் வர்ற முந்திரிக்காடு எதுவும் இல்லீங்க.

நான் பழகினதே அரியலூர் ரோட்டுலதான். சுண்ணாம்புக்கல் லாரி எதிர்ல வந்தா காரே ஒரு அடி நகரும். அந்தத் தூசிக்குள்ள கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஓட்டப் பழகினவ நான். ஒரு நாய் மேல ஏத்தினதில்ல, ஒரு சைக்கிள்காரன் என்னால விழுந்ததில்ல.

இருந்தும் ஸ்டாண்டுல எனக்கு முதல்ல இடம் குடுக்க மாட்டேன்னாங்க; வீட்டுக்காரர் நிறுத்தின இடத்துலயே காரைக் கொண்டுபோய் நிறுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அங்க செயலாளர் கோவிந்தன். நல்ல மனுஷன்தான், ஆனா வாய் சும்மா இருக்காது. "பொம்பளை கையில கார் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எஞ்சினை ஒருநாள் வேக வச்சுரும், பாத்துக்கிட்டே இருங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருப்பாரு. மூணு வருஷமா அவர் சொன்னது நடக்காம நான் பாத்துக்கிட்டேன். எனக்குன்னு நிரந்தர சவாரி நாலு இருந்துச்சு. வசந்தா டீச்சர் மாதிரி பொம்பளைங்க, மலர்தான் வரணும்னு கேட்டுக் கூப்புடறவங்க. அது எல்லாம் ஒரே ஒரு பேச்சு மேலதான் நின்னுச்சு. மலரை நம்பி ஏறலாம்ங்கற பேச்சு.

இப்ப கதைக்கு வரேன்.

மாலையோட ஒரு ஊர்வலம்

காரை இழுக்க ஒரு டிராக்டர் கிடைச்சுது. அதுக்கும் மாலை, வாழைக்கன்னு, சந்தனம். மாலை போட்ட டிராக்டர் மாலை போட்ட காரைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு பெரம்பலூருக்குள்ள வருது. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன். ஸ்டாண்டு வழியாத்தான் வரணும், வேற வழி கிடையாது.

கோவிந்தன் டீ கிளாஸோட எந்திரிச்சு நின்னாரு. "நான் சொன்னேனா இல்லியா?"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லத் தேவைப்படல. நாலு பேர் சிரிச்சாங்க. எனக்குக் காது ரெண்டும் நெருப்பாக் காஞ்சுது.

பாலு அண்ணன் கடையில காரைத் தூக்கி அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு. வேடிக்கை பாக்க ஸ்டாண்டுக்காரங்களும் பின்னாடியே வந்துட்டாங்க. அண்ணன் வெளிய வந்தப்ப முகத்துல ரத்தமே இல்ல.

"அடி போல்ட்டைக் காணோம்"னாரு.

அடி போல்ட்டுன்னா எஞ்சினுக்குக் கீழ, பழைய ஆயிலை வடிக்கறதுக்குன்னு இருக்கற போல்ட்டு. அதைக் கழட்டித்தான் பழசை இறக்குவாங்க, திருப்பி இறுக்கிட்டுப் புதுசை ஊத்துவாங்க. அது கழண்டு விழுந்தா ஆயில் மொத்தமும் ரோட்டுக்குத்தான்.

"எப்படிண்ணே காணாமப் போகும்? நேத்துதானே நீங்க போட்டீங்க?"

அண்ணன் என்னைப் பாக்கல. கோவிந்தனைப் பாத்துச் சொன்னாரு: "வழியில கல்லு கில்லு அடிச்சிருக்கும். லைட்டு எரிஞ்ச உடனே நிறுத்தியிருக்கணும். எரிய எரிய ஓட்டுனா எந்த எஞ்சின் தாங்கும்?"

"நிறுத்தினேன்ல! நிறுத்திட்டுத்தானே உங்களுக்கு போன் போட்டேன்? நீங்கதானே நிக்காத, போன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லலியே தங்கச்சி. நிறுத்திப் பாருன்னுதான் சொன்னேன்."

அட பாவி மனுஷா! போல்ட்டு போனதுகூட எனக்கு வலிக்கல. இத்தனை வருஷம் தங்கச்சின்னு கூப்புட்ட வாயால, நாலு பேர் முன்னாடி முகத்தைப் பாக்காமப் பொய் சொன்னாரே, அதுதான் வலிச்சுது.

"பொம்பளைங்களுக்கு அந்த லைட்டெல்லாம் எங்க தெரியுது"ன்னு பின்னாடி யாரோ சொன்னாங்க. திரும்பிப் பாத்தேன். எல்லாரும் வேற எங்கேயோ பாத்துக்கிட்டு இருந்தாங்க.

வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நீ லைட்டைப் பாக்கலியா?"

சோத்தை வச்சுட்டுப் போயிட்டேன். சாம்பார்ல உப்பு போட மறந்திருந்தேன். அதை மட்டும் சத்தம் போடாம சாப்ட்டாரு.

சாந்தி வச்ச ஸ்டேட்டஸ்

அன்னைக்கு சாயங்காலம். கொல்லையில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். செட்டிகுளத்து வெங்காயம், கண்ணை அப்படியே பிடுங்கும். அழறதுக்கு வசதியா இருந்துச்சு, கொஞ்சம் அழுதேன். யாரும் கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம்.

போனை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கிட்டே போனேன். ஊரே பூஜைப் படமா போட்டிருந்துச்சு. பாலு அண்ணன் சம்சாரம் சாந்தியும் முதல் நாள் கடையில எடுத்த படத்தை வச்சிருந்தா.

படத்துல ஒரு பலகை. அது மேல கடையில இருக்கற அத்தனை ஸ்பேனரும் சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் வரிசையாப் படுத்திருக்கு. டீசல்ல கழுவித் துடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்துல பொரி, கடலை, வாழைப்பழம். பின்னாடி மங்கலா ஒரு வெள்ளைக் கார்.

என் கார்.

வெங்காயத்தைக் கீழ போட்டுட்டுப் படத்தைப் பெருசு பண்ணினேன். கார் ஜாக்கி மேல நிக்குது. அடியில கறுப்பு ஆயில் தட்டு. தட்டு விளிம்புல சின்னதா என்னவோ மினுங்குது. இன்னும் பெருசு பண்ணினேன். அடி போல்ட்டு.

இப்ப பலகைக்கு வந்தேன். பத்து, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, பதினேழு. எங்க காரோட அடி போல்ட்டுக்குப் பதினேழாம் நம்பர்தான் சேரும். அந்தப் பதினேழாம் நம்பர் நெத்தியில பொட்டோட ஜம்முனு படுத்திருக்கு.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூஜையில வச்ச ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போடற வரைக்கும் எடுக்கக் கூடாது. அரிவாளைத் தொட மாட்டாங்க, தையல்காரர் கத்திரிக்கோலைத் தொட மாட்டாரு, புள்ளைங்க சந்தோஷமா புஸ்தகத்தைத் தொடாதுங்க. ஸ்பேனர் எல்லாம் பொட்டு வச்சுப் படுத்தாச்சு, போல்ட்டு இன்னும் தட்டுலதான் இருக்கு. அப்படின்னா அந்தப் போல்ட்டை எதை வச்சு இறுக்கினாரு?

கையாலதான்.

போனைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் முன்னாடி நீட்டினேன். அவரும் பெருசு பண்ணிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. இருபது வருஷம் கார் ஓட்டினவருக்கு விளக்கம் தேவையில்ல.

"காலையில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மலரு"ன்னாரு. அப்புறம், "நாளைக்கு நானும் வரட்டா?"

"வேணாம். ஓட்டினவ நான்தானே, நானே பேசிக்கறேன்."

மாலையைத் தொடாதீங்க

மறுநாள் கடை திறக்கறப்பவே போயிட்டேன். வேற யாரும் இல்ல. அண்ணன் இருந்தாரு, சாந்தி வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தா. படத்தைக் காட்டினேன்.

அண்ணன் போனை வாங்கிப் பாத்தாரு. ஸ்டூல்ல உக்காந்தாரு. சாந்திதான் முதல்ல வாயைத் திறந்தா.

"எனக்குத் தெரியும்க்கா. கையால வச்சிருக்கேன், காலையில இறுக்கணும், ஞாபகப்படுத்துன்னு இவர் என்கிட்டத்தான் சொன்னாரு. நீங்க சாயங்காலமே வந்து கேட்டீங்க. இவர் தெருவுல பூசணிக்கா உடைச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த அமளியில நான் மறந்துட்டு, பொரிப் பொட்டலத்தோட சாவியையும் எடுத்துக் குடுத்துட்டேன்."

"பூஜையில வச்சதை எப்படித் தங்கச்சி எடுக்கறது?"ன்னாரு அண்ணன். "எங்கப்பாரு ஒருதரம் எடுத்தாரு. அன்னைக்கே ஜாக்கி சரிஞ்சு ரெண்டு விரல் போச்சு. எனக்கு அப்ப பத்து வயசு. அதுலேருந்து நான் தொடறதில்ல."

அவர் பயம் நெசம். அதை நான் இன்னைக்கும் கேலி பண்ண மாட்டேன். ஒரு மாலையை அறுக்க எனக்குக் கை வரலியே, நான் எந்த வாயால கேலி பண்றது?

"சரிண்ணே. போன்ல போன்னு சொன்னீங்கல்ல, அதை ஏன் இல்லன்னீங்க?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஸ்டாண்டுக்காரங்க எல்லாம் நின்னாங்க தங்கச்சி. போல்ட்டு இறுக்கத் தெரியாதவன்னு பேர் வந்துட்டா, நாளைக்கு யாரு இங்க வண்டி விடுவா? எஞ்சினை நான் புதுசு மாதிரி பண்ணித் தரேன். ஒரு பைசா வேணாம். இது நம்ம மூணு பேரோட போகட்டும். பழைய எஞ்சின், ஆயுசு முடிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்."

பாருங்க, எவ்வளவு சுளுவா இருக்கு! அவர் பேரு பத்திரமா இருக்கும். எஞ்சினும் வந்துரும். என் பேரு மட்டும் எரிய எரிய ஓட்டினவன்னு ஸ்டாண்டுல கிடக்கும்.

"உங்க பேரு உங்களுக்கு. எனக்குப் பேரு இல்லியாண்ணே?"

அவர் கையிலேருந்து என் போனைத் திருப்பி வாங்கிக்கிட்டேன்.

"ஸ்டாண்டுல வந்து நடந்ததைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் என் எஞ்சின்ல கை வைங்க. அதுவரைக்கும் கார் இங்கேயே நிக்கட்டும். மாலையைக்கூட யாரும் தொடாதீங்க."

வசந்தா டீச்சருக்குத் தெரிஞ்சு போன்ல குதிச்சாங்க. "ஸ்பீக்கர்ல என் காதால கேட்டேன் மலரு. நான் வந்து அந்த ஸ்டாண்டுல நின்னு சொல்றேன்."

"வேணாம் டீச்சர். நீங்க சொன்னா அது சாட்சி. அவர் வாயால அவரே சொல்லணும்."

அன்னைக்குலேருந்து தினம் காலையில ஸ்டாண்டுக்குப் போனேன். கார் கிடையாது, சவாரி கிடையாது. வழக்கமா என் கார் நிக்கற இடத்துல ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். "ஏம்மா, கார் இல்லாம என்ன வரிசை?"ன்னாரு கோவிந்தன். "இடம் என்னோடது, கார் பின்னாடி வரும்"னேன். என்னைத் தள்ளிப் போகச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல. வெயில் ஏறினா முந்தானையைத் தலையில போட்டுப்பேன். மத்தியானம் தயிர்சாதம். என் நாலு சவாரில ரெண்டு பேர் வேற கார் பாத்துக்கிட்டாங்க. அதையும் அங்க உக்காந்துதான் கேட்டேன். ஆனாலும் சேரை எடுக்கல.

கடை வாசல்ல கார் நின்னுச்சு. சாமந்தி முதல்ல பழுப்பாச்சு, அப்புறம் கறுப்பாச்சு. வாழைக்கன்னு வாடி பானெட்டு மேல சரிஞ்சு கிடந்துச்சு. கடைக்கு வந்தவங்க எல்லாம் "என்ன பாலு, பூஜை மாலையைக்கூட எடுக்காம இந்தக் காரு யாரோடது?"ன்னு கேட்டாங்களாம். சாந்திதான் சொன்னா. ஒவ்வொரு தடவை யாராவது கேக்கறப்பவும் அவர் உள்ள போயிருவாராம்.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலையில பாலு அண்ணன் நடந்தே ஸ்டாண்டுக்கு வந்தாரு. கையைக்கூடத் துடைக்காம கிரீஸோட வந்திருந்தாரு. டிரைவருங்க ஏழெட்டு பேர் இருந்தாங்க. அண்ணன் வந்து நின்னாரே தவிர, வாய் வரல. கோவிந்தன் அவருக்கு டீ சொன்னாரு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிப் போயிருவாருன்னு எனக்குத் தோணுச்சு.

நான் சேரை விட்டு எந்திரிச்சேன்.

"முதல்ல என் தப்பை நான் சொல்றேன், எல்லாரும் கேளுங்க. லைட்டு எரிஞ்சதைப் பாத்தேன். நிறுத்தினேன். குச்சியை உருவிப் பாத்திருக்கணும். பாக்கல. மாலையை அறுக்க மனசு வரல. அது என் தப்பு. யாரும் எனக்காக அதை மறைக்க வேணாம்."

கோவிந்தன் முகம் மலர்ந்துருச்சு. "பாத்தீங்களாய்யா, அதுவே ஒத்துக்..."

"இருங்க. நான் இன்னும் உக்காரல"ன்னேன்.

அண்ணனைப் பாத்தேன். அவரும் என்னைப் பாத்தாரு. ஒன்பது நாள்ல முதல் தடவையா நேராப் பாத்தாரு.

"போல்ட்டை நான் கையாலதான் வச்சிருந்தேன்"னாரு. "ஸ்பேனர் பூஜையில இருந்துச்சு. காலையில இறுக்கணும்னு இருந்தேன், மறந்துட்டேன். கல்லும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. தங்கச்சி நிறுத்திட்டு எனக்கு போன் போட்டுச்சு. நிக்காத, போன்னு சொன்னவனும் நான்தான். எஞ்சின் போனது என்னால."



கோவிந்தன்தான் தொண்டையைச் செருமினாரு. "சரி விடு பாலு. மனுஷன்னா மறதி இருக்கத்தானே செய்யும். பூஜை நேரம், பத்து வேலை..."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், இத்தனை நாள் சேர்த்து வச்சதெல்லாம் மொத்தமா வந்துச்சு.

"ஏன் கோவிந்தண்ணே, அவர் மறந்தா மனுஷன் மறதி. நான் மறந்தா பொம்பளை புத்தியா? அவருக்கு ஒரு நிமிஷத்துல விடுன்னீங்க. எனக்கு ஒன்பது நாளா ஏன் விடல?"

கோவிந்தன் டீ கிளாஸையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "பேசினது தப்புதாம்மா"ன்னு ரொம்ப மெதுவா சொன்னாரு. பின்னாடி நின்னவங்களுக்குக் கேக்கல. "சத்தமா"ன்னேன். சத்தமா சொன்னாரு.

அன்னைக்கு மத்தியானம் காஞ்ச மாலையை என் கையால அறுத்துப் போட்டேன். பானெட்டைத் திறந்து விட்டேன். அண்ணன் எஞ்சினை இறக்கினாரு. மூணு வாரம் ஆச்சு. நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கறப்பவும் அவரே "இறுக்கியாச்சு தங்கச்சி"ன்னு சொல்லுவாரு. நானும் "சரிண்ணே"ம்பேன். கடைக்கு ஆள் வராமப் போகல. சொன்னா உண்மையைச் சொல்ற மெக்கானிக்னு வசந்தா டீச்சரே நாலு பேரை அனுப்பினாங்க. விட்டுப்போன ரெண்டு சவாரில ஒண்ணு திரும்பி வந்துச்சு, ஒண்ணு வரல. போகட்டும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. ஸ்டாண்டுக்காரங்க கார் எல்லாம் பாலு அண்ணன் கடை வாசல்ல வரிசையா நின்னுச்சு. பலகையில ஸ்பேனர் எல்லாம் பொட்டோட படுத்தாச்சு. சாந்தி சாம்பிராணி போட்டுக்கிட்டு இருந்தா. அன்னைக்கும் என் காருக்கு ஆயில் மாத்தியிருந்தாங்க.

நான் டாஷ்போர்டைத் திறந்து என் ஸ்பேனரை எடுத்தேன். பதினேழாம் நம்பர், சொந்தக் காசுல வாங்கினது. அண்ணன் பாத்தாரு. குங்குமக் கிண்ணத்தோட பக்கத்துல வந்து, "குடு தங்கச்சி, ஒரு பொட்டு வச்சுத் தரேன்"னாரு. நீட்டினேன். பொட்டு வச்சாரு. அந்தப் பலகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்புறம் பலகையில வைக்காம என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு.

சாக்கைத் தரையில விரிச்சு, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு காருக்கு அடியில படுத்தேன்.

வெளிய கோவிந்தன் குரல் கேட்டுச்சு. "ஏம்மா, பொட்டு வச்ச பிறகு ஸ்பேனரைத் தொடலாமா?"

போல்ட்டுல மாட்டி ஒரு இழு இழுத்தேன். அசையல. நல்லா இறுகியிருந்துச்சு.

"தொட்டாச்சுண்ணே"ன்னேன்.